வாங்கிய இரண்டு பேரில் ஒருவர் என் மாமா: பேண்ட்கேம்ப்பில் மூன்று வருஷம்

என் முதல் வீணை ஆல்பத்தைப் பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடையில் ஏற்றிய அன்று இரண்டு பேர் வாங்கினார்கள். ஒருவர் சிகாகோவில் இருக்கும் என் மாமா. இன்னொருவர் பெல்ஜியத்தில் யாரோ, முன்பின் தெரியாதவர். மாமா சரியாக 7 டாலர் கொடுத்தார். கேட்டாரா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெல்ஜியக்காரர் 15 டாலர் கொடுத்திருந்தார். 7 என்றுதானே போட்டிருக்கிறோம், கணக்கில் ஏதோ தப்பு என்று ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பில்லை. விலைக்கு மேல் கொடுக்க நினைப்பவர் கொடுக்கலாம் என்று அங்கே ஒரு கட்டம் இருக்கிறது.

இப்போது மூன்று ஆல்பம் ஆகிவிட்டது. எங்கே போனாலும் யாராவது ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கா, அதுல நிஜமாவே காசு வருதா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் வயலினோ கடமோ வாசிக்கிற, கச்சேரிக்குக் கச்சேரி பஸ் ஏறுகிற பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று இது.

நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். வீணை. வானொலிக் கலைஞர் தரவரிசையில் 'பி ஹை' கிரேடு. மார்கழியில் சென்னையில் இரண்டு மூன்று சபாக்கள் கூப்பிடும். கொடுப்பது பகல் பன்னிரண்டு மணி, ஒன்றரை மணி. அந்த வேளையில் வருகிறவர்களில் பாதிப் பேர் கேன்டீன் திறக்கக் காத்திருப்பவர்கள். வீடு நடப்பது வகுப்புகளால். விடியற்காலை ஐந்து மணிக்கு நியூஜெர்சிப் பிள்ளைகள், ஏழு மணிக்குச் சிட்னி, சாயங்காலம் உள்ளூர். ரெக்கார்டிங் எல்லாம் இவற்றுக்கு நடுவே.

பேண்ட்கேம்ப் என்பது ஒரு கடை. 2008இலிருந்து இருக்கிறது. மற்ற ஆப்களைப் போல மாதச் சந்தா கட்டி உலகத்துப் பாட்டையெல்லாம் ஓடவிடுகிற ஏற்பாடு அல்ல. நீங்கள் ஒரு பக்கம் திறக்கிறீர்கள், ஆல்பத்தை வைக்கிறீர்கள், விலையை நீங்களே போடுகிறீர்கள். வருகிறவர் கேட்டுப் பார்க்கலாம். பிடித்தால் வாங்கித் தன் கணினியில் இறக்கிக்கொள்ளலாம். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள், சிடி, டீஷர்ட் மாதிரிப் பொருள்களுக்கு 10. பணம் கைமாறும் கட்டணம் தனி. எல்லாம் போகச் சராசரியாக 82 சதவீதம் கலைஞருக்குச் சேருகிறது என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். என் கணக்கும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கிறது. பக்கம் திறக்கக் காசில்லை, வருஷச் சந்தாவும் இல்லை.

வருஷச் சந்தா என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதற்கு முன்னால் ஒரு கம்பெனியிடம் மாட்டிக்கொண்டிருந்தேன். பாட்டை எல்லா ஆப்புக்கும் அனுப்பிவைக்கிற கம்பெனிகளில் ஒன்று, பெயர் வேண்டாம். வருஷத்துக்கு 1,600 ரூபாய். இரண்டு வருஷம் கட்டினேன். என் பெயர் ஊரில் தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர். விளைவு, அதே பெயரில் கானா பாடுகிற ஒரு பெண்ணின் பாட்டுகளும் என் வர்ணமும் ஒரே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. அந்தப் பெண் நன்றாகவே பாடுகிறாள், அது வேறு விஷயம். என் ஆலாபனையைக் கேட்க வந்தவர்கள் திடுக்கிட்டார்களா, அவளைக் கேட்க வந்தவர்கள் திடுக்கிட்டார்களா தெரியாது. பிரித்துக் கொடுங்கள் என்று ஆறு மெயில் போட்டேன். ஆறுக்கும் ஒரே பதில், வார்த்தை மாறாமல் வந்தது.

இரண்டு வருஷத்தில் மொத்தம் 61,000 தடவை ஓடியதாகக் கணக்கு. கைக்கு வந்தது 2,900 ரூபாய். கட்டியது 3,200. அந்த 61,000த்தில் 54,000 ஒரே ஒரு மூன்று நிமிஷத் துக்கடாவுக்கு. யாரோ அதைத் 'தூங்குவதற்கான இசை' என்ற பட்டியலில் சேர்த்திருந்தார்கள். நான் வாசித்து ஊரே தூங்கியிருக்கிறது, ஆளுக்கு ஐந்து பைசாவுக்கும் குறைவாக. மூன்றாம் வருஷம் சந்தா கட்டவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால் ஆல்பம் எல்லா ஆப்பிலிருந்தும் காணாமல் போயிருந்தது.

கம்பெனி மேல் கோபம் இருந்தாலும், அடிப்படைச் சிக்கல் கம்பெனியில் இல்லை, கணக்கு போடும் முறையில் இருக்கிறது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. ஸ்பாட்டிஃபையில் முப்பது விநாடி ஓடினால் ஒரு தடவை என்று எண்ணுவார்கள். இரண்டு நிமிஷச் சினிமாப் பாட்டும் ஒரு தடவை, இருபத்திரண்டு நிமிஷத் தோடி ஆலாபனையும் ஒரு தடவை. அதுவும் 2024 முதல், ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது ஓடியிருந்தால்தான் அதற்குக் காசே. என் ஏழு உருப்படிகளில் நாலு அந்த ஆயிரத்தை எட்டவில்லை, ஆலாபனை அந்த நாலில் ஒன்று. நம் சங்கீதத்தைத் தடவைக் கணக்கில் விற்றால் விளங்காது. நெல்லை மணி எண்ணி விற்பது போல அது. மூட்டையாகத்தான் விற்க வேண்டும். பேண்ட்கேம்ப் எனக்கு ஒத்துவருவது அதனால்தான்: வாங்குகிறவர் முழு ராகத்துக்கும் சேர்த்து ஒரே தடவை காசு கொடுக்கிறார். அப்புறம் அதை ஒரு தடவை கேட்கட்டும், முந்நூறு தடவை கேட்கட்டும்.

சரி, ஏற்றுவது எப்படி என்று கேட்பார்கள். முதலில் ஒழுங்காக ரெக்கார்ட் செய்ய வேண்டும். அந்தக் கஷ்டத்தை எந்தக் கடையும் தீர்த்துவைக்காது.

நான் வாசிப்பது எங்கள் வீட்டு நடு அறையில். ஒரு பக்கம் துணி பீரோ, இன்னொரு பக்கம் கொடியில் தொங்கவிட்ட நாலு ஜமுக்காளம். மின்விசிறியை நிறுத்த வேண்டும். சித்திரை, வைகாசியில் இதைச் செய்து பாருங்கள், நாலு நிமிஷத்தில் இடது கை விரல் வேர்த்துத் தந்தியில் இழுபடும். தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளலாம், கூடிப்போனால் சுரத்தை அசைத்து வாசிக்கிற கமகம் வழுக்கிக்கொண்டு போகும். மைக்கை வீணையின் குடத்துக்கு நேரே வைத்தால் மீட்டுச் சத்தம் ஆணி அடிப்பது போல விழுகிறது. யாளி முகம் இருக்கிற நுனிப் பக்கம் வைத்தால் காற்றில் கேட்பது போல ஆகிவிடுகிறது. கடைசியில் எனக்குப் பிடிபட்டது, குடமும் அதிலிருந்து நீளுகிற தண்டியும் சேருகிற இடத்துக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில், கொஞ்சம் என் முகத்தைப் பார்க்கத் திருப்பி வைத்த ஒற்றை மைக். மூக்கால் மூச்சு விடுவது கேட்கும். அது கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆடி மாதம் ரெக்கார்டிங்கே கிடையாது. அம்மன் கோயில் ஒலிபெருக்கிக்கு முன்னால் என் மைக் எம்மாத்திரம். மற்ற மாதங்களில் ராத்திரி இரண்டு முதல் நாலரை வரைதான் நிசப்தம். மிருதங்கம் வாசிக்கும் தம்பி லால்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். முதல் ஆல்பத்துக்கு வந்தபோது பேசிய காசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அக்கா, கிரெடிட்ல என் பேரு வருமா?" என்று மட்டும் கேட்டான். இதற்கு முன்னால் பதினொரு ஆல்பத்தில் வாசித்திருக்கிறான், ஒன்றில்கூட அவன் பெயர் இல்லை. பேண்ட்கேம்ப்பில் ஆல்பத்துக்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். அவன் பெயர், அவன் குருவின் பெயர், மிருதங்கத்துக்குத் தோல் வைத்துக் கொடுத்தவர் பெயர் எல்லாம் போட்டேன், தமிழிலேயே. பக்கத்தின் முகவரி மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்.

கோப்பு அளவில் ஒரு வரம்பு உண்டு. புதிதாகப் பக்கம் திறப்பவர்களுக்கு ஒரு டிராக் 291 எம்பி. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பென்றால் பதினாறு பதினேழு நிமிஷத்திலேயே அதைத் தொட்டுவிடும். ஃப்ளாக் என்ற கோப்பு வகைக்கு மாற்றி ஏற்றுங்கள், தரம் குறையாமல் கிட்டத்தட்டப் பாதி அளவில் அடங்கும். முழு ராகம் தானம் பல்லவியை ஒரே டிராக்காக ஏற்ற நினைத்தால் அப்போதும் இடிக்கும். நான் ராகம், தானம், பல்லவி என்று மூன்றாகப் பிரித்துப் போட்டேன். வெட்டும் இடத்தில் தந்தியின் ரீங்காரம் முழுக்க அடங்கும்வரை விட்டு வெட்டுங்கள். அந்தக் கடைசி நாலு விநாடியை நறுக்கிவிட்டு வந்து ஏதோ குறைகிறதே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

அடுத்தது வெள்ளிக்கிழமை. 2020 மார்ச்சில் கொரோனாவில் கச்சேரியெல்லாம் நின்றபோது, குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வதில்லை என்று ஆரம்பித்தார்கள். இன்னும் வருஷத்தில் சில வெள்ளிக்கிழமைகள் அப்படி விடுகிறார்கள், தேதியை முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். வாங்குகிறவர்களும் அந்த நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். என் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு அந்த நாள்களில் வந்ததுதான். கவனிக்க வேண்டியது, அந்த நாள் அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி ஆரம்பிக்கிறது. நமக்கு அது கோடையில் வெள்ளி மதியம் பன்னிரண்டரை, அவர்கள் கடிகாரத்தை மாற்றும் குளிர்காலத்தில் ஒன்றரை. முதல் தடவை காலையிலேயே எல்லோருக்கும் மெயில் தட்டிவிட்டு, ஏன் பங்கு பிடிக்கிறார்கள் என்று குழம்பினேன். என் அம்மாவுக்கு மட்டும் இந்த நேரம் ரொம்பத் திருப்தி. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு, "தாண்டித்தானே திறக்கிறான்!" என்றாள்.

நம்மூரில் இருந்து விற்பவர்களுக்கு உள்ள பெரிய முட்டுக்கட்டை பணம் வரும் வழி. அது பேபால் மூலமாக வருகிறது. இந்தியாவுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பணம் போகும் சேவையைப் பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருவது வரும், நேராக வங்கிக் கணக்குக்குப் போய்விடும். ஆனால் திருச்சியில் இருக்கும் ரசிகர் திருச்சியில் இருக்கும் என் ஆல்பத்தை அங்கே வாங்க வழியில்லை. ஹாம்பர்க்கில் இருப்பவர் வாங்கலாம், திருச்சி தில்லைநகரில் இருப்பவர் வாங்க முடியாது.

இதற்கு நான் கண்ட வழி, டவுன்லோடு கோடு, அதாவது தளத்தில் தட்டினால் ஆல்பம் இறங்குகிற ரகசியக் குறியீடு. பேண்ட்கேம்ப்பே இலவசமாகக் கொஞ்சம் கோடுகள் உருவாக்கித் தருகிறது, கச்சேரியில் விற்பதற்கென்றே. உறையூரில் ஒரு அச்சகத்தில் விசிட்டிங் கார்டு அளவில் அட்டை அடித்தேன். முன்பக்கம் ஆல்பம் படம், பின்பக்கம் கோடும் முகவரியும். முகவரியின் கடைசியில் 'யம்' என்று வரும், சாப்பிட்டுவிட்டுச் சொல்வார்களே அந்த யம். கச்சேரி முடிந்ததும் வாசலில் அட்டையை வைத்து 200 ரூபாய், ஜிபே. வயதானவர்கள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சிடி எங்கம்மா இருக்கு?" என்பார்கள். பேரனைக் கூப்பிட்டு இறக்கிக் கொடுக்கச் சொல்வேன். இதுவரை 190 அட்டை போயிருக்கிறது. விற்ற இடங்களில் நெய்வேலியில் ஒரு கல்யாண ரிசப்ஷனும் சேர்த்தி.

யார் வாங்குகிறார்கள் என்பது எனக்கே ஆச்சரியம். தளத்தில் இதுவரை 214 விற்பனை. ஒவ்வொன்றுக்கும் வாங்கியவர் பெயர், நாடு, மின்னஞ்சல் எனக்குத் தெரியும். பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழர் அல்லாதவர்கள். அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான். ஒவ்வொருவருக்கும் நாலு வரியில் நன்றி எழுதுவேன். சிலர் பதில் போடுவார்கள். ஹாம்பர்க்கில் ஒருவர், இரண்டாம் ஆல்பத்தில் தானம் வாசிக்கும்போது ஆறாம் நிமிஷத்தில் தூரத்தில் ஒரு மணி கேட்கிறதே, அது எந்த வாத்தியம், கிரெடிட்டில் இல்லையே என்று கேட்டிருந்தார்.

எனக்குத் தெரியாமல் இல்லை. அன்று வாசிக்க ஆரம்பித்ததே நாலு மணிக்கு. தானம் சூடு பிடித்து, பஞ்சமத்தில் நின்று மேலே ஏறுகிற நேரத்தில் கோயில் யானை தெருமுனையைக் கடந்தது. கழுத்து மணி. தம்பி கண்ணால், நிறுத்தவா என்று கேட்டான். நான் நிறுத்தவில்லை. மறுபடி ஏழு தடவை வாசித்தும் அந்தத் தானம் வரவில்லை, யானையோடு இருந்ததையே வைத்துக்கொண்டேன். ஹாம்பர்க்காரருக்கு உள்ளதைச் சொன்னேன். அவர் இன்னும் இரண்டு பிரதி வாங்கி நண்பர்களுக்குப் பரிசாக அனுப்பினார். தூங்குவதற்கான பட்டியலில் 54,000 தடவை கேட்டவர்களில் ஒருவர்கூட எனக்கு யார் என்று தெரியாது.

இப்போது கணக்கு. 214 விற்பனையில் மொத்தம் சுமார் 1,800 டாலர். எல்லாம் போக வங்கிக்கு வந்தது ஏறக்குறைய 1,22,000 ரூபாய். அட்டையில் 38,000. ஆக 1,60,000. செலவு: மைக், அதைக் கணினியோடு இணைக்கிற இன்டர்ஃபேஸ், ஸ்டாண்டு எல்லாம் ஒரு தடவைச் செலவு 38,000. மிருதங்கம், மிக்ஸிங், மாஸ்டரிங் ஆல்பத்துக்கு 18,000 வீதம் மூன்றுக்கு 54,000. அட்டை அச்சடித்தது 3,500. மிச்சம் 64,500 ரூபாய். மூன்று வருஷத்துக்கு. மாதத்துக்கு 1,800 கூட வரவில்லை. ஒரு நியூஜெர்சிப் பிள்ளைக்கு மாதம் நாலு வகுப்பு எடுத்தால் வருவது இதைவிட அதிகம்.

ஆகவே வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, கூடாது. வகுப்பை விட்டுவிடாதீர்கள். ரெக்கார்டிங் செலவைத் தானே தாங்கிக்கொண்டு, கையில் கொஞ்சம் தருகிறது, அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிது. இதற்கு முன்னால் சிடி போட்ட காலத்தில் ஐந்நூறு சிடி அடித்து முந்நூறு இன்னும் பரணில் இருக்கிறது.

இன்னொன்று, பேண்ட்கேம்ப் உங்களுக்காக ஆளைக் கூட்டிக்கொண்டு வராது. கடையைத் திறந்து வைத்தால் தானாக வருவார்கள் என்று நினைத்தால் மாமா மட்டும் வருவார். வகுப்பு, கச்சேரி, வாட்ஸ்ஆப் குழு, மெயில் என்று நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குத்துப்பாட்டு, ரீல்ஸில் ஓடுகிற பாட்டு போடுகிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது, அவர்களுக்குத் தடவைக் கணக்கே லாபம்.

கடை கைமாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2022இல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் கம்பெனி வாங்கியது. அடுத்த வருஷமே சாங்டிரேடர் என்ற கம்பெனிக்கு விற்றது, அப்போது ஊழியர்களில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. எனக்கு வரும் பணத்தில் மாற்றம் ஒன்றுமில்லை. இருந்தாலும் மாதம் ஒரு தடவை வாங்கியவர்கள் பட்டியலை இறக்கி வைத்துக்கொள்கிறேன். நாளைக்குக் கடை மூடினாலும் வாங்கியவர்கள் கையில் இருப்பார்கள்.

கடைசியாக உரிமை விவகாரம், இதில் பலர் கோட்டை விடுகிறார்கள். தியாகராஜர் 1847இல் சமாதியானவர், அவரையும் சேர்த்துச் சங்கீத மும்மூர்த்திகள் யாருடைய கிருதிக்கும் யாரிடமும் அனுமதி வேண்டாம். (ஆனாலும் ஒரு வீடியோ தளத்தில் என் வீணையைக் கேட்ட இயந்திரம் அது வேறு கம்பெனியின் ரெக்கார்டிங் என்று சொல்லி விளம்பரக் காசை அவர்களுக்குத் திருப்பிவிட்டது. ஐந்து வாரம் மல்லாட வேண்டியிருந்தது.) கீர்த்தனை எழுதிய பாபநாசம் சிவன் விஷயம் அப்படி இல்லை. அவர் மறைந்தது 1973. நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது வருஷம்வரை உரிமை இருக்கிறது, அதாவது 2033 முடியும்வரை. மூன்றாம் ஆல்பத்தில் அவருடைய உருப்படி ஒன்றை வாசித்து முடித்து, மிக்ஸிங்கும் ஆன பிறகுதான் எனக்கு இது உறைத்தது. எடுத்துவிட்டுக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை ஒன்றைப் போட்டேன். தம்பிக்கு இன்னொரு தடவை லால்குடியிலிருந்து வர பெட்ரோல் காசு, எனக்கு இன்னொரு ராத்திரித் தூக்கம்.

நாலாவது ஆல்பம் பேகடா, சஹானா என்ற இரண்டு ராகங்கள். இரண்டுக்கும் நடுவில் எதைப் போடுவது என்று முடிவாகவில்லை. அதற்கு முன்னால் வீணைக்கு மேளம் கட்ட வேண்டும், அதாவது தந்திக்குக் கீழே இருக்கிற மெட்டுகளை மெழுகில் பதிக்க வேண்டும்; மேல் ஸ்தாயியில் நாலு மெட்டு அசைகிறது. தஞ்சாவூரிலிருந்து வருகிறவர், வெயில் இறங்கட்டும், இப்போது கட்டினால் மெழுகு நிற்காது என்கிறார். ஆவணியில் வருகிறேன் என்றிருக்கிறார். ஆடியும் அதற்குள் முடிந்துவிடும்.